மார்ஷ்மெல்லோ பிஸ்கட்டும் மாமி நிறுத்தின கேப்சூலும்: ஒரு நீண்ட த்ரெட்

போன வருஷம் ஜனவரி முதல் வாரம். லஸ் பக்கத்துல இருக்கற என் கிளினிக்குக்கு ஒரு மாமி வந்தாங்க. வயசு எழுபதைத் தொடப் போகுது. பதினஞ்சு வருஷமா சர்க்கரை. பாதத்துல எரிச்சல், ராத்திரி தூங்க விடாத எரிச்சல். அதுக்கு நான் கொடுத்திருந்தது ப்ரீகாபலின், ராத்திரி ஒரு கேப்சூல். நல்லா கேட்டுட்டு இருந்தது.

அன்னைக்கு முகமே சரியில்லை. பத்து நாளா தூக்கம் இல்லை, கால் நெருப்பா எரியறதுன்னாங்க. மருந்து போட்டுக்கறீங்களான்னு கேட்டேன்.

"நிறுத்திட்டேன் டாக்டர். அது மாட்டு எலும்பாமே? இத்தனை நாளா முழுங்கிண்டிருந்தேனே, நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

இந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்ததுன்னு விசாரிச்சா, அது ஒரு பிஸ்கட்டிலிருந்து வந்திருக்கு. அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மாமி இருக்கற அபார்ட்மென்ட்ல கீழ் வீடு ஒரு கிறிஸ்தவக் குடும்பம். இருபது வருஷப் பழக்கம். தீபாவளிக்கு மேலேயிருந்து தட்டு இறங்கும், கிறிஸ்துமஸுக்குக் கீழேயிருந்து தட்டு ஏறும். மாமிக்குன்னு தனியா முட்டை போடாத கல்கல், ரோஸ் குக்கீஸ். அந்த டிசம்பர்ல அவங்க வீட்டுப் பொண்ணு புதுசா ஒண்ணு முயற்சி பண்ணியிருக்கா. ஒரு வட்ட பிஸ்கட், அது மேல மார்ஷ்மெல்லோ, மொத்தத்தையும் சாக்லேட்ல முக்கி எடுத்து, ஆறு ஆறா டப்பாவுல அடுக்கி ரிப்பன் கட்டி கிஃப்ட். "முட்டை சுத்தமா இல்லை ஆன்ட்டி"ன்னு சொல்லிக் கொடுத்திருக்கா. அது உண்மையும்தான்.

மாமி ஒண்ணரை பிஸ்கட் சாப்பிட்டிருக்காங்க. (சர்க்கரையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.) பேரன் போன்ல "மார்ஷ்மெல்லோ எதுல செய்வாங்க"ன்னு தேடினான். ஜெலட்டின். ஜெலட்டின்னா என்ன? எலும்பு, தோல். வேற எதுலெல்லாம் ஜெலட்டின் இருக்கு? பட்டியல்ல மூணாவதோ நாலாவதோ: மருந்து கேப்சூல்.

மாமி பிஸ்கட்டை நிறுத்தினாங்க, கேப்சூலை நிறுத்தினாங்க, கீழ் வீட்டோட பேச்சையும் நிறுத்திட்டாங்க.

அன்னைக்கு கிளினிக்ல கூட்டம். பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதியை இங்கே சொல்றேன்.

மார்ஷ்மெல்லோங்கறது முதல்ல மிட்டாய் பேரே இல்லை. ஒரு செடியோட பேர். ஐரோப்பாவுல, மேற்கு ஆசியாவுல சதுப்பு நிலத்துல வளர்ற செடி. தாவரவியல் பேர் ஆல்த்தேயா அஃபிசினாலிஸ். ஆல்த்தேயா என்பது 'குணமாக்கு' என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். அஃபிசினாலிஸ்னு ஒரு செடிக்குப் பேர் இருந்தா, அது ஒரு காலத்துல மருந்துக்கடையில இருந்ததுன்னு அர்த்தம்.

அதோட வேரை நசுக்கித் தண்ணியில போட்டா வழவழன்னு ஒரு பசை வரும். வெண்டைக்காய் வெட்டினா கையில ஒட்டுமே, கிட்டத்தட்ட அது. தொண்டைப் புண்ணு மேல ஒரு மெல்லிய படலமா படிஞ்சு உறுத்தலைக் குறைக்கும். முதல் நூற்றாண்டுல டயோஸ்கொரிடிஸ் எழுதின மருந்து நூல்லயே இந்தச் செடி இருக்கு.

வெண்டைக்காயைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கலை. இரண்டும் ஒரே குடும்பம், மால்வேசி. செம்பருத்தி, துத்தி, பருத்தி எல்லாம் அதுல அடக்கம். எனக்கே ஆச்சரியமா இருந்தது எதுன்னா, இன்றைய தாவர வகைப்பாட்டின்படி கோகோ மரமும் அதே மால்வேசிதான். அந்த பிஸ்கட்டுக்குப் பேர் கொடுத்த செடியும் அதை மூடியிருக்கற சாக்லேட்டும் ஒண்ணுவிட்ட சொந்தம்.

நம்ம ஊருக்கு இந்தச் செடி புதுசும் இல்லை. யுனானியில இதுக்குப் பேர் கத்மி. இருமல், சளிக்குக் குடிக்கிற ஜோஷாந்தா கஷாயத்துல கத்மி விதை சேர்ப்பாங்க. யுனானி மருந்து விக்கற கடையில கேட்டுப் பாருங்க, கிடைக்கும். மார்ஷ்மெல்லோன்னு கேட்டா மட்டும் முழிப்பாங்க.

இந்த வேர் மிட்டாயா மாறினது பிரான்ஸ்ல. வேர்ச் சாறு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, மூணையும் நுரைக்க அடிச்சு ஒரு மெத்து மெத்துன்னு பசை. இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் மருந்தாளர்கள் வித்தாங்க. கசப்பு மருந்தைவிட இது பரவாயில்லைன்னு குழந்தைகள் இருமல் இல்லாமலே கேட்டிருக்கும். நானா இருந்தா கேட்டிருப்பேன்.

வெள்ளைக்கரு நுரைன்னதும் தென்மாவட்டக்காரங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரணும். தூத்துக்குடி மக்ரூன். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. நுரையைச் சர்க்கரை பிடிச்சு நிறுத்துது, சூடு அதைக் காய வைக்குது. மார்ஷ்மெல்லோவுல அந்த நுரையைக் காய விடாம ஈரமாவே நிறுத்தணும். அதுக்கு ஒரு பிடிமானம் வேணும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல அந்தப் பிடிமானமா ஜெலட்டின் வந்தது. எலும்பை உடைச்சு, அமிலத்துல ஊற வெச்சு தாதுவைக் கரைச்சு, வாரக் கணக்கா சுண்ணாம்புல போட்டு, அப்புறம் வெந்நீர்ல எடுக்கற புரதம். விலை குறைவு, வேலை சுலபம். சதுப்புச் செடியைத் தேடி வேர் தோண்ட வேண்டாம். அப்படியே வேர் கழண்டுடுச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. இன்னைக்குக் கடையில விக்கற மார்ஷ்மெல்லோவுல அந்தச் செடி தேடினாலும் கிடைக்காது.

அதே ஜெலட்டின், அதே பிரான்ஸ், இந்தத் தடவை மருந்துப் பக்கம். 1834-ல் பாரிஸில் மோத், டுப்லாங்க் என்ற இருவர் ஜெலட்டின் கேப்சூலுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. நாக்குல வைக்க முடியாத நாத்தம் பிடிச்ச தைலங்களை ஒரு ஜெலட்டின் உறைக்குள்ள அடைச்சு முழுங்க வைக்கிற வழி. வயித்துச் சூட்டுல உறை கரையும், மருந்து வெளியே வரும். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், மாமி ராத்திரி முழுங்கின கேப்சூல் வரைக்கும்.

அதனால மாமியோட பேரன் தப்பா ஒண்ணும் சொல்லலை. இந்தியாவுல பெரும்பாலான கேப்சூல் உறை ஜெலட்டின்தான். மாட்டு, எருமை எலும்பிலிருந்து எடுக்கறது. கேரளாவிலேயே இதுக்கு ஆலை இருக்கு.

இப்ப சட்டத்துல இருக்கற ஒரு விசித்திரம். 2001-லேர்ந்து பாக்கெட் உணவுல அசைவம்னா பழுப்பு அடையாளம், சைவம்னா பச்சை அடையாளம் போடணும். ஜெலட்டின் போட்ட மார்ஷ்மெல்லோ பாக்கெட்ல பழுப்பு இருக்கும். மருந்துக்கு இந்த விதி கிடையாது. கேப்சூல் அட்டையில எந்தப் புள்ளியும் இருக்காது. 2016-ல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, கேப்சூல் உறையைத் தாவரப் பொருளுக்கு மாத்தணும்னு சுகாதார அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். நிபுணர் குழு எல்லாம் போட்டாங்க. தாவர உறை விலை அதிகம், கட்டாயமாக்கினா மருந்து விலை ஏறும்னு எதிர்ப்பு வந்தது. கட்டாயம் ஆகலை.

கட்டாயமாக்கறதுல எனக்கும் தயக்கம் உண்டு. ஆனா ஒரு புள்ளி போடறதுக்கு என்ன செலவு?

கீழ் வீட்டுப் பொண்ணு பார்த்த பாக்கெட்லயும் புள்ளி இல்லை. மொத்த விலைக் கடையில பெரிய மூட்டையைப் பிரிச்சு சாதா பாலித்தீன் கவர்ல கட்டி வித்தது. வெள்ளையா, ரோஸா, மெத்துன்னு இருக்கு, சர்க்கரை மிட்டாய்னு நினைச்சிருக்கா. அவளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. எம்.பி.பி.எஸ். படிச்ச நானே எத்தனை பேருக்குக் கேப்சூல் எழுதியிருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது "இது உங்களுக்குப் பரவாயில்லையா"ன்னு கேட்டிருக்கேனா? இல்லை.

சரி, பிஸ்கட் கதைக்கு வரேன்.

பிஸ்கட், மார்ஷ்மெல்லோ, சாக்லேட் மூணும் ஒண்ணா சேர்ந்தது அமெரிக்காவுல. 1913-ல் நபிஸ்கோ கம்பெனி மாலோமார்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தது. அப்போ குளிர்சாதன வண்டி வசதி இல்லை. வெயில் காலத்துல சாக்லேட் உருகிடும். அதனால குளிர் காலத்துக்கு மட்டும் செஞ்சு வித்தாங்க. நூறு வருஷம் கழிச்சும் அந்தப் பழக்கத்தை விடலை, கோடையில கிடைக்காது. இது டிசம்பர் பலகாரமா ஆனதுக்குப் பக்தியைவிட தட்பவெப்பம் பெரிய காரணம்.

இங்கே ஒரு டாக்டர் ஜோக். கோகோ வெண்ணெய் கிட்டத்தட்ட 34 டிகிரியில உருகும். உடம்பு 37. அதனாலதான் சாக்லேட் வாயில வெச்சதும் கரையுது. இதே காரணத்துக்காக, ஆசனவாய் வழியா வைக்கிற மருந்துக்கும் கோகோ வெண்ணெயைத்தான் அடிப்பொருளா ரொம்ப காலம் பயன்படுத்தினாங்க. அடுத்த தடவை சாக்லேட் சாப்பிடறப்போ இது ஞாபகம் வந்தா என்னைத் திட்டாதீங்க.

சாக்லேட்டும் மருந்துக்கடை வழியாத்தான் வந்தது. ஹான்ஸ் ஸ்லோன்னு அயர்லாந்துல பிறந்த ஒரு டாக்டர். அவர் சேர்த்து வெச்ச சேகரிப்புதான் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளம். அவர் பேரைப் போட்டு, பால் சேர்த்த சாக்லேட்டை வயித்துக்கு நல்லதுன்னு லண்டன் மருந்துக்கடைகள்ல வித்தாங்க. கோகோ நம்ம பக்கம் வந்ததும் பழைய கதைதான். 1798-லயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துல நட்டுப் பார்த்திருக்கு. இப்ப பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா நிக்குது.

ஸ்காட்லாந்துல 1956-ல் பாய்ட் டன்னக் செஞ்ச 'டீ கேக்'கும் இதே வகை. பிஸ்கட், மேல கூம்பா நுரை, சாக்லேட். பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1965-ல் ஒரு பயிற்சிப் பறப்புல, காகிதம் பிரிச்சு வெச்ச டீ கேக்குகள் காற்றழுத்தம் சட்டுன்னு குறைஞ்சதும் வெடிச்சு விமானி அறை முழுக்கத் தெறிச்சதுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் விமானத்துல தடை. மார்ஷ்மெல்லோ முழுக்கக் காத்துக் குமிழி. வெளி அழுத்தம் குறைஞ்சா குமிழி பெருகும். நுரையீரலைச் சுத்திக் காத்து கோத்திருக்கற நோயாளியை விமானம் ஏறாதேன்னு நாங்க தடுக்கறதுக்கும் இதே விதிதான் காரணம்.

கொரியாவுல இது 1974-ல் சோக்கோ பை ஆச்சு. ஓரியன் கம்பெனி முதல்ல, லோட்டே பின்னாடி. அங்க அது வெறும் தின்பண்டம் இல்லை, பாசத்தைக் காட்டறதுக்குக் கையில வைக்கிற பொருள். கேசோங் தொழிற்பேட்டையில வட கொரியத் தொழிலாளிகளுக்கு தென் கொரிய முதலாளிகள் போனஸ் மாதிரி சோக்கோ பை கொடுத்தாங்க. அவங்க அதைத் திங்காம சேர்த்து வெச்சு வெளியில காசு மாதிரி புழங்க விட்டாங்க.

அது சென்னைக்கு வந்த வழி இன்னும் சுவாரசியம். தாமஸ் பாரி 1788-ல் மெட்ராஸ் வந்த வெள்ளைக்கார வியாபாரி. பாரிமுனைக்குப் பேர் அவரால வந்தது (வள்ளல் பாரி இல்லை, மன்னிக்கவும்). அவர் பேர்ல இருந்த கம்பெனி கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலை நடத்தினது, அங்கேயே மிட்டாயும் செஞ்சது. காஃபி பைட், லாக்டோ கிங் ஞாபகம் இருக்கா? அந்த மிட்டாய் கம்பெனியை 2004-ல் கொரியாவோட லோட்டே வாங்கினது. 1990-கள் கடைசியில ஹூண்டாய் வந்ததிலிருந்து கொரியாக்காரங்களுக்கு சென்னை தெரிஞ்ச ஊர்தானே. 2010-ல் சென்னைக்குப் பக்கத்துல சோக்கோ பைக்குன்னே ஒரு ஆலை திறந்தாங்க.

ஆனா கொரியாவுல செய்யற மாதிரி இங்க செஞ்சா பழுப்புப் புள்ளி விழும். பழுப்புப் புள்ளியோட மயிலாப்பூர்லயும் மாம்பலத்துலயும் எத்தனை பாக்கெட் போகும்? அதனால இந்தியாவுக்குன்னு விலங்கு ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ உருவாக்கி, பச்சைப் புள்ளியோட வித்தாங்க. நூத்துக்கும் மேல வருஷமா எலும்பு பிடிச்சுட்டு இருந்த இடத்தை மறுபடி தாவரம் பிடிச்சது. ஒரு பிஸ்கட்டுக்காக இவ்வளவு மெனக்கெட்டாங்க. கேப்சூலுக்கு யாரும் மெனக்கெடலையேன்னு ஒரு டாக்டரா எனக்குக் கூச்சமா இருக்கு.

ஜெலட்டினுக்கு மாத்து என்ன? நம்ம கடல்லயே இருக்கு. கடல்பாசி. கடையில சைனா கிராஸ்னு கேட்டா கொடுப்பாங்க, அகார் அகார். ரம்ஜான் நோன்பு திறக்கறப்போ பல வீடுகள்ல பால் ஊத்தி செய்யற கடல்பாசி இதுதான். மன்னார் வளைகுடாவுல, ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுக்கறாங்க. விரல்ல துணி சுத்திக்கிட்டு, காலுக்குத் துடுப்பு மாதிரி தகட்டைக் கட்டிக்கிட்டு. அகார் எடுக்கற பாசிக்கு அவங்க வெச்சிருக்கற பேர் மரிக்கொழுந்து. அது மதுரைப் பக்கம் ஆலைகளுக்குப் போகுது.

டாக்டர்களுக்கு அகார்னா வேற ஞாபகம். இரண்டாம் வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல கிருமி வளர்க்கற தட்டு. அந்தத் தட்டும் சமையலறையிலிருந்து வந்ததுதான். 1881. ஜெர்மனியில ராபர்ட் காக் ஆய்வுக்கூடத்துல ஜெலட்டின் மேல கிருமி வளர்த்துப் பார்த்தாங்க. சிக்கல் என்னன்னா, உடம்புச் சூட்டுக்கு வெச்சா ஜெலட்டின் உருகிடும். அங்க வேலை செஞ்ச வால்தர் ஹெஸ்ஸேயோட மனைவி ஃபேனி, "என் ஜெல்லி வெயில்லயும் உருகறதில்லை, அதுல போடற அகாரைப் போட்டுப் பாருங்களேன்"னு யோசனை சொன்னாங்க. ஜாவாவுல இருந்துட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கத்துக்கிட்ட விஷயம் அது. அகார் கெட்டியானா மறுபடி உருக 85 டிகிரிக்கு மேல வேணும். 1882-ல் காசநோய்க் கிருமி பத்தின கட்டுரையில காக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனி பேரைக் குறிப்பிடலை.

மாமிக்கு அன்னைக்கு நான் செஞ்சது இவ்வளவுதான். கேப்சூலை நிறுத்தி, அதே மருந்தை மாத்திரையா எழுதிக் கொடுத்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்றேன்: இது உங்களுக்கு மனசுக்கு ஒப்பலைன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. நிறைய மருந்து மாத்திரையாவும் கிடைக்கும், சிலது தாவர உறையிலயும் கிடைக்கும். நீங்களா நிறுத்தாதீங்க. ப்ரீகாபலினைச் சட்டுன்னு நிறுத்தினா வலி திரும்பறதோட தூக்கமும் கெடும், மாமிக்கு நடந்தது அதுதான். உறையைப் பிரிச்சு உள்ள இருக்கற தூளை மட்டும் சாப்பிடறதும் வேண்டாம். சில மருந்துக்கு அந்த உறையும், உள்ள இருக்கற குருணை மேல பூசின பூச்சும்தான் வேலையே செய்யும்.

மாமி கிளம்பறப்போ கேட்டாங்க: "எங்கம்மாவும் சர்க்கரைக்கு ஊசி போட்டுண்டா. அதுல ஒண்ணும் இல்லையே?"

அவங்க அம்மா காலம் 1970-கள். அன்னைக்கு இன்சுலின்னாலே மாட்டுக் கணையத்திலிருந்தோ பன்றிக் கணையத்திலிருந்தோ எடுத்ததுதான். மனித இன்சுலினை பாக்டீரியாவுல தயாரிச்சு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1982-ல். நம்ம ஊருக்கு அது பரவலா வர இன்னும் பல வருஷம் ஆச்சு. அந்த ஊசிதான் அந்த அம்மாவை உயிரோட வெச்சிருந்தது.

"அந்தக் காலத்து மருந்து வேற மாமி"ன்னு மட்டும் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கேப்சூல் விஷயத்துல சொல்லாம விட்டதுக்குத்தான் அஞ்சு நிமிஷம் முன்னாடி திட்டு வாங்கினேன். அடுத்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி அதையே செஞ்சேன். போன அம்மாவைப் பத்தி இப்ப சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு அன்னைக்குத் தோணிச்சு. இன்னைக்கு வரைக்கும் அது உறுத்திட்டுத்தான் இருக்கு.

கீழ் வீட்டுப் பொண்ணு விஷயம் தெரிஞ்சு அழுதிருக்கா. அவளோட அம்மா மாடி ஏறி வந்து மன்னிப்புக் கேட்டதுல மாமிக்கே சங்கடமாப் போச்சு. ஒரு மாசத்துல பேச்சு வந்துடுச்சு.

இந்த டிசம்பர். அந்தப் பொண்ணு மறுபடி அதே பிஸ்கட்டைப் பண்ணியிருக்கா. இந்தத் தடவை மார்ஷ்மெல்லோவும் வீட்டுலயே. கொண்டைக்கடலை வேக வெச்ச தண்ணி இருக்கு பாருங்க, நவராத்திரி சுண்டலுக்கு வேக வெச்சுட்டு சிங்க்ல கொட்டுவோமே, அதைச் சுண்ட வெச்சு ஆற வெச்சு பீட்டர்ல அடிச்சா வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும். 2014 வாக்குல பிரான்ஸ்ல ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சு எழுதினார். கடலையிலிருந்து தண்ணியில இறங்கின புரதமும் மாவும் செய்யற வேலை. சர்க்கரைப் பாகுல கடல்பாசியைக் கொதிக்க விட்டு, சூட்டோட நுரையில மெல்லிசா ஊத்தி அடிக்கணும். வேகமா பிஸ்கட் மேல பிழிஞ்சுடணும், ஏன்னா அகார் 40 டிகிரிக்குக் கீழ போனா சட்டுன்னு இறுகிடும், ஜெலட்டின் மாதிரி நேரம் கொடுக்காது. முதல் இரண்டு தடவை கிண்ணத்துலயே இறுகிப் போச்சாம். மூணாவது தடவை கை கூடியிருக்கு.

வீட்டுல செய்யறவங்களுக்கு இரண்டு வார்த்தை. உருக்கிப் பூசறதுக்கு விக்கற காம்பவுண்ட் சாக்லேட்ல கோகோ வெண்ணெய்க்குப் பதிலா வேற கொழுப்பு, பெரும்பாலும் பாம் கெர்னல் எண்ணெய். சென்னை வெயிலுக்கு வசதிதான், ஆனா நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அட்டையைப் படிச்சு வாங்குங்க. இன்னொண்ணு, நாலு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு முழு மார்ஷ்மெல்லோ கொடுக்காதீங்க. எச்சில் பட்டா ஒட்டும், மூச்சுக்குழல்ல போய் அடைச்சா எடுக்கறது கஷ்டம். சின்னச் சின்னதா நறுக்கிக் கொடுங்க.

போன வாரம் மாமி செக்கப்புக்கு வந்தப்போ எனக்கும் ஒரு டப்பா கொண்டு வந்தாங்க. மூடியில அந்தப் பொண்ணு பச்சைப் பேனாவால ஒரு சதுரம் போட்டு, உள்ள ஒரு புள்ளி வெச்சிருக்கா. ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். கடை மார்ஷ்மெல்லோ மாதிரி இழுவை இல்லை, கொஞ்சம் உதிருது, கடற்பஞ்சு மாதிரி. எனக்குப் பிடிச்சிருந்தது. சுண்டல் வாசனை கொஞ்சமும் இல்லை.

மாமியோட மூணு மாச சராசரி சர்க்கரை 8.4. ரிப்போர்ட்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க, "ஆத்துல இன்னும் அஞ்சு இருக்கு டாக்டர். ஒரு நாளைக்கு எத்தனை?"

பாதின்னேன். பேரனுக்குத் தெரியாம ஒண்ணுன்னு பேரம் பேசினாங்க.